கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒரு கல்யாணக் கார்டு

கூலாய்ப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த முதல் வாரமே எனக்குக் கீழே இருந்து புகார் வந்துவிட்டது. மூன்று மாடி ஏறி வந்து, கதவைத் தட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார் அந்த அக்கா.

"மேல்வீட்டுப் பொண்ணு, கொஞ்சம் மெதுவா நடக்கணும் லா. கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

"சாரிக்கா. உங்களுக்கு அவ்வளவு சத்தம் கேக்குதா?"

"எனக்கென்னா? நான் டிவி போட்டா இடி விழுந்தாலும் கேக்காது. எனக்குக் கீழ இருக்கறவங்களச் சொல்றேன்."

அவர் இருந்தது தரைத்தளத்தில். அதற்குக் கீழே சிமெண்டு, சிமெண்டுக்குக் கீழே செம்மண், அவ்வளவுதான். அவரோ என் சமையலறையை எட்டிப் பார்த்து, "சாம்பாருக்குப் புளி பத்தல, வாசனையிலேயே தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கடைசிப் படி வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார். காஹாங் என்ற சிற்றூரிலிருந்து கல்யாணமாகி வந்திருந்த எனக்கு, பட்டணத்தில் எப்படியெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரே குஷியாகிவிட்டது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரைச் சுற்றியிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். பெயர் தெரிந்துவிட்டால் கீழே உள்ளவர்கள் உரிமையோடு வீடு தேடி வந்துவிடுவார்களாம். "வந்தா சும்மா அனுப்ப முடியுமா? பலகாரம் சுடணும். யாருக்கு நேரம் இருக்கு?" நான் இப்போது கூலாயில் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தை மீற எனக்குத் தைரியம் போதவில்லை.

அக்காவுக்கு வேன் ஓட்டுவது தொழில். செனாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போவார். நானும் அந்த வேனில்தான் போனேன். வேனில் யாராவது ஒருத்தியின் கைப்பேசிக்கு அடிக்கடி பறக்கும் தட்டு வீடியோ வரும். மங்கலாக ஏதோ ஒன்று மினுக்கிக்கொண்டு பறக்கும். அதைப் பார்த்து, "வேற கிரகத்து ஆளுங்களாம் அக்கா!" என்று அவள் கத்துவாள். அக்கா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துச் சிரிப்பார்.

"வேற கிரகமா? எல்லாம் லோக்கல் ஆளுங்க லா."

அதற்கு அவரிடம் இருந்த ஆதாரங்களைக் கேட்டால் வக்கீல்கள் வாயடைத்துப் போவார்கள். "நாம கோலாலம்பூர் போனாலே வழியில ரெண்டு இடத்துல நிறுத்தி தே தாரேக் குடிக்கிறோம். அவ்வளவு தூரத்துலேருந்து வந்தவன் இறங்கி ஒரு தண்ணிகூடக் குடிக்காமலா போவான்? எட்டிப் பாத்துட்டு ஓடறவன் விருந்தாளி கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டவன்தான் அப்படி வந்து பாப்பான், நாம சுவத்துல ஆணி கீணி அடிச்சிருக்கோமான்னு."

"அப்புறம் ஏன்க்கா தட்டுல ஏறி மேல பறக்கறாங்க?"

"கீழ காத்து இருக்குமா? காத்து வாங்க வராங்க. நாம சாயந்திரம் பூங்காவுல நடக்கறோம்ல, அது மாதிரி."

இன்னொருத்தி விடமாட்டாள். "இங்கதான் இருக்காங்கன்னா ஏன் யாரும் அவுங்களைப் பிடிக்கல?"

"சிங்கப்பூருக்கு ஒரு பாலம் தாண்ட நாம எவ்வளவு நேரம் வரிசையில நிக்கிறோம்? வெளியூர்க்காரனா இருந்தா அவனையும் நிக்க வச்சிருப்பாங்க. உள்ளூர்க்காரன்கிட்ட என்னா கேக்கறது?"

வேன் குலுங்கும். சாலை மோசமில்லை, நாங்கள் சிரித்ததில்தான் குலுங்கும். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். தன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதில் அவருக்கு வருத்தமே கிடையாது. நம்பினால் நம்புங்கள், மரியாதை மட்டும் குறையக்கூடாது, அதுதான் அவர் கணக்கு. சோறு வடித்த கஞ்சியைப் பின்பக்கம் ஊற்றுமுன், "சூடா வருது, ஒதுங்கிக்கோங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ஒதுங்குவதற்கு நேரமும் கொடுத்த பிறகுதான் ஊற்றுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அவரைக் கேலி செய்தவர்கள் தமிழர்கள் மட்டும்தான். எதிர்வீட்டில் நாசி லெமாக் சோறு கட்டி விற்ற மலாய் அம்மா, எங்கள் மாக்சிக், தோட்டத்துக்குள் கால் வைக்குமுன் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம், தாத்தா பாட்டியிடம் கேட்பதுபோல, அனுமதி கேட்டுவிட்டுத்தான் போவார். மூலைவீட்டுச் சீனக் கிழவர் வாசல் தரையோடு சின்னச் சிவப்பு மாடம் வைத்து, மண்ணுக்கு உரியவருக்கு ஊதுபத்தி ஏற்றுவார். கீழே ஆள் இருக்கிறது என்று அக்கா சொன்னபோது இரண்டு பேரும், இதில் என்ன புதுசு என்பதுபோலத் தலையாட்டினார்களாம்.

சிரிக்காமல் தப்பித்துக்கொண்ட ஒரே தமிழர் எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர், கண்ணுக்குத் தெரியாததையும் கடவுள்தான் படைச்சார்னு வாராவாரம் ஜெபத்துல சொல்றோம்ல? அதுல கீழ்வீட்டுக்காரங்க சேத்தியா இல்லையா? அவுங்களுக்கு ஞானஸ்நானம் உண்டா?" சாமியார் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அம்மா, கான்டீன்ல தோசை ஆறுது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். "பாத்தியா, இல்லேன்னு சொல்லல" என்று அக்கா என் கையைக் கிள்ளினார்.

ஒருமுறை தண்ணீர்க் குழாய் மாற்ற, வண்டி நிறுத்தும் இடத்தைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். அக்கா குறுக்கே ஓடினார். "சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வீட்டுக் கூரையைப் பிரிப்பீங்களா?" என்று மலாயில் சத்தம் போட்டு, குனிந்து விரல் முட்டியால் தரையில் மூன்று தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து, "ம், இப்ப தோண்டுங்க" என்றார். அன்று அதைப் பார்த்துச் சிரித்த, வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த சீனர், மறுநாள் காலையில் இயந்திரத்தை முடுக்கிவிட்டுத் தானாகவே நிறுத்தினார். அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, "தட்டியாச்சா?" என்று கேட்டார். வேலை முடியும்வரை தினமும் கேட்டார்.

எல்லாம் வேடிக்கைதான் என்று நானும் சொல்லியிருப்பேன், அந்த வெளிச்சம் மட்டும் இல்லாவிட்டால்.

விடியுமுன் வேன் கிளம்பும். பெரிய சாலையைத் தொடுவதற்கு முன்னால், செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு வளைவு. அங்கே வந்ததும் அக்கா வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைத் தாழ்த்தி, ஹாரனை இரண்டு தடவை சின்னதாக அடிப்பார். அக்கம்பக்கத்தைக் கடக்கும்போது வணக்கம் சொல்வது முறை என்பார். ஒருநாள் நான் முன் இருக்கையில் இருந்தேன். மரங்களுக்கு நடுவே, நல்ல பள்ளத்தில், வெள்ளை வெளிச்சங்கள் நாலைந்து மிதந்துகொண்டிருந்தன. அக்கா ஹாரன் அடித்தார். அதில் ஒரு வெளிச்சம் நின்று, மேலும் கீழும் அசைந்தது.

வேனில் இருந்த அத்தனை பேரும் கீச்சிட்டோம். "தோட்டத்து ஆளுங்களா இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அவளை எல்லோரும் சேர்ந்து அடக்கினோம். "போடி, இந்த நேரத்துல எவன்டி எழுந்து வேலைக்குப் போவான்?" என்று கேட்டோம். அதே நேரத்தில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வளைவு வந்தால் வேனில் உள்ளவர்கள் எல்லோரும் கையசைத்தோம்.

அக்காவுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில் வருவாள். கணவர் முன்பே தவறிவிட்டதால் இருவருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர் இல்லை. அந்த மகளை முதலில் பெண் பார்க்க வந்த குடும்பம் என்ன ஆனது என்பது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பிரசித்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டிருக்கிறார். "கொஞ்சம் காலை நிறுத்திக்கிறீங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "ஏன்?" என்று அவர் கேட்டுத் தொலைத்துவிட்டார். அக்கா ஆதியோடந்தமாகச் சொன்னார். முறுக்கைக் கடித்தவர்கள் கடித்தபடியே எழுந்து போனார்கள், திரும்ப ஒரு போன்கூட இல்லை.

இரண்டாவதாக வந்தவன் மகளுக்கே பிடித்த பையன். சிங்கப்பூரில் ஒன்றாக வேலை பார்த்தவன். சொந்த ஊர் லாபிஸ். அவன் அப்பா தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில்கூடச் சாயாமல் உட்காருவார். நிச்சயத்துக்கு முந்தின வாரம் மகள் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா, லாபிஸ்காரங்க முன்னாடி கீழ்வீடுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. இதுவும் போச்சுன்னா நான் சிங்கப்பூர்லயே இருந்துடுவேன். கூலாய்ப் பக்கமே வரமாட்டேன். சத்தியமா சொல்றேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னாள். அக்கா மாதா சுரூபத்தின்மேல் கை வைத்து, "ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார்.

பேசவும் இல்லை. சம்பந்தி வீட்டார் வந்த நாளில் தலைமையாசிரியர் வாசல் தரையில் பூட்ஸ் காலோடு டொக் டொக்கென்று நடந்தபோது, அக்கா புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அதன்பின் வேனிலும் பேச்சு குறைந்துபோயிற்று. பறக்கும் தட்டு வீடியோ வந்தால் நாங்களே பார்த்து, நாங்களே மூடி வைத்தோம். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த மனுஷியைப் பேசவிடாமல் செய்த கல்யாணத்தின்மேலேயே கோபம் வந்தது.

கார்டு அடித்து வந்ததும் அக்காவுக்குப் புதுக் கவலை பிடித்தது. அவர் குடும்பத்தில் முதல் கார்டு சொந்தத்துக்குப் போகாது, அக்கம்பக்கத்துக்குத்தான் போகும். அதுவும் வெற்றிலைத் தட்டோடு நேரில் போக வேண்டும். அவர் அக்காள் கல்யாணத்தில் இடதுபக்கத்து வீட்டை எப்படியோ மறந்துவிட, அந்த வீட்டுக்காரி வேலியெங்கும் போர்வை காயப்போட்டு, அதற்குப்பின் முகத்தையே காட்டவில்லையாம். மாக்சிக்குக்கு வைத்தார், சீனக் கிழவருக்கு வைத்தார், எனக்கு வைத்தார். அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எல்லாருக்கும் வச்சாச்சுல்லக்கா?" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். பிறகு ஏதோ தோன்றியவராக என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேசமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். கூப்பிடமாட்டேன்னு பண்ணலையே?"

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, நாங்கள் இருவரும் பட்டுப்புடவையில் அந்த வளைவுக்குப் போனோம். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, நடுவில் கல்யாணக் கார்டு. பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் வெட்டிப்போட்ட ஒரு மரத்தின்மேல் தட்டை வைத்து, அக்கா கைகூப்பி நின்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, அதே சமயம் நானும் கைகூப்பித்தான் நின்றேன்.

மறுநாள் காலை வேனை நிறுத்திப் பார்த்தால், தட்டு மட்டும் இருந்தது. கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

"குரங்கா இருக்கும்க்கா" என்றேன்.

"குரங்கு பாத்திரம் கழுவுமா? குரங்கு வெத்தலை போடுமா?" அக்கா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு அவர் வேனில் பாட்டுப் போட்டார்.

அதோடு விட்டாரா? விருந்து மண்டபத்தில் பின்வரிசையில் ஒரு மேசையைத் தனியாக ஒதுக்கி, 'அக்கம்பக்கம்' என்று எழுதி வைத்தார். மகளிடம் சொல்லாதே என்று என்னிடம் கண்ணாலேயே கெஞ்சினார். நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. காலியாக ஒரு மேசை இருந்து, யாருக்கு என்று லாபிஸ்காரர்கள் கேட்டு, உண்மை வெளியே வந்தால், அந்தப் பெண் சொன்னபடி செய்துவிடுவாளே.

சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் விருந்து. மாமாக் கடை நடத்தும் ஒரு பாய் சமைத்த பிரியாணி மணத்தது. லாபிஸிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட, சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக அக்காவிடம் வந்தார்.

"சம்பந்தியம்மா, கடைசி மேசையில யாரும் உக்காரல. எங்க ஆளுங்கள உக்கார வைக்கட்டுமா?"

அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"யாராச்சும் வராங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"யாரு?"

அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மகள் இதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் நடுவில் புகுந்து, "பக்கத்து ஆளுங்க சார், வந்துக்கிட்டே இருக்காங்க" என்று உளறினேன். "மணி என்னாச்சு?" என்று அவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

அப்போது வாசலில் ஒரு தயக்கம் தெரிந்தது. எட்டு ஆண்கள், இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. முன்னால் நின்றவர் கையில் எங்கள் கார்டு. இன்னொருவர் கையில் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி. எல்லோர் உதடும் வெற்றிலையால் சிவந்திருந்தது.

தலைமையாசிரியர்தான் முதலில் போய் மலாயில் விசாரித்தார். முன்னால் நின்றவர் திக்கித் திணறிப் பதில் சொன்னார். அவர்கள் பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்குள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். இருட்டோடு நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குவார்கள். தினமும் ஒரு வேன் அவர்களைப் பார்த்து ஹாரன் அடித்து வணக்கம் சொல்லும். இந்த நாட்டில் வேறு எந்த வண்டியும் அப்படிச் செய்ததில்லை. வேன்கார அக்கா வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிட்டதைப் பள்ளத்திலிருந்து பார்த்தோம், லாரி டிரைவரிடம் கார்டைப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டோம், தட்டைக் கழுவாமல் திருப்பித் தருவது முறையில்லை என்று கழுவி வைத்தோம், வரலாம்தானே என்றார்.

"வாங்க, வாங்க!" என்று அக்கா ஓடினார். எட்டுப் பேரையும் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்த மேசையில் உட்கார வைத்து, தானே பிரியாணி பரிமாறினார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்ல மனசு, நல்ல குடும்பம்" என்று தன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் காதில் கிசுகிசுத்தேன்.

"அக்கா, அந்த வெளிச்சம் இவங்க தலையில மாட்டிக்கற லைட்டு."

அக்கா கரண்டியோடு நின்று யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அலமாக், இது தெரியலையா? அவுங்களுக்கு வெயில் ஆகாது. அதான் தங்களுக்குப் பதிலா இவங்களை அனுப்பியிருக்காங்க."

நான் மேடையைப் பார்த்தேன். மகள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளுத்த முகத்தில் இப்போது சிரிப்பு இருந்தது.

சாயந்திரம் பெண்ணை லாபிஸுக்கு அழைத்துப்போக எங்கள் புளோக்குக்கு முன்னால் கார் வந்து நின்றது. மகள் மாக்சிக்கிடம் சொல்லிக்கொண்டாள், சீனக் கிழவரிடம் சொல்லிக்கொண்டாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அப்போதும் வாய் திறக்கவில்லை. அழுகையில் ஏதாவது வந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

காரில் ஏறப்போனவள் நின்றாள். கல்யாணப் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, முன்பு குழாய் தோண்டிய அதே இடத்தில் குத்துக்காலிட்டாள். விரல் முட்டியால் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"போயிட்டு வரேன். அம்மாவைப் பாத்துக்கோங்க."

மாமனார் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"யாருக்கிட்டம்மா சொல்றே?"

"கீழ்வீட்டுக்காரங்ககிட்ட, மாமா. அம்மாவுக்கு ரொம்ப வேண்டியவங்க."

தலைமையாசிரியர் மருமகளைப் பார்த்தார். புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி கண்ணீர் வழிய நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்தார். தன் காலடியைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பூட்ஸின் குதிகால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் மெல்ல மெல்ல நடந்துபோய்க் காரில் ஏறினார்.